எசென்குல் கேட்ட ஒப்பாரி

தலாஸ் பள்ளத்தாக்கில் ராஜ்மா பயிரிட்டுப் பிழைத்தவன் எசென்குல். நாற்பத்தொன்றாவது வயதில் அவன் உடம்பு துடிக்கத் தொடங்கியது. கெண்டைக்கால், தொடை, தோள் எல்லா இடத்திலும் தோலுக்கடியில் புழு நெளிவதுபோல் தசை நெளிந்தது. தூங்கினாலும் நிற்கவில்லை. பனி கொட்டும் நாளிலும் சட்டை நனைய வேர்த்தது. கால் விறைத்துத் தள்ளாடி நடந்தான். ஊர் சும்மா இருக்குமா? "விடியறதுக்குள்ள வோட்கா ஏத்திட்டான்டா" என்று பக்கத்து வீட்டு ஜூமாஷ் ஆரம்பித்து வைத்தான். பிறகு எல்லோரும் பிடித்துக்கொண்டார்கள்.

மனைவி சயராவிடம் அவன் ரொட்டியைக் கையில் பிடித்துச் சத்தியம் செய்தான்: "ஒரு சொட்டு குடிக்கலடி. நீயாவது நம்பு."

"சரிங்க" என்றாள். நம்பவில்லை. அவன் தூங்கியபின் குனிந்து வாயை மோந்து பார்ப்பாள். அது அவனுக்கும் தெரியும். கண்ணை மூடியே கிடப்பான். ஏழு வருஷம் இப்படி. ஊர்ப்பேச்சைப் பொறுத்துக்கொண்டவனுக்கு அந்த மோப்பத்தைத்தான் தாங்க முடியவில்லை.

கடைசியில் தலைநகர் பிஷ்கெக்கில் ஒரு மருத்துவர் தசையில் ஊசி செருகி, இயந்திரத்தில் பார்த்தார். "குடியுமில்ல, ஒண்ணுமில்ல. நரம்பு ஓயாம தசைய உசுப்பிக்கிட்டே இருக்கு. ரொம்ப அபூர்வமான வியாதி" என்று மாத்திரை எழுதிக் கொடுத்தார். சயரா பக்கத்தில் நின்று கேட்டாள். திரும்பும் வழியெல்லாம் வாய் திறக்கவில்லை. என்னவென்று சொல்வாள், பாவம்?

மாத்திரை தொடங்கிய மூன்றாவது வாரம், மதியம் சாப்பிட்டுப் படுத்தவனுக்குப் போர்வையை இழுத்துவிட்டாள். கெண்டைக்காலில் கை பட்டது. அசைவே இல்லை. உறக்கத்திலும் நிற்காதது நின்றுவிட்டது. மூச்சைப் பார்க்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. புருஷனைப் பறிகொடுத்த எங்கள் பெண்கள் செய்வதுபோல் முடியை அவிழ்த்து, சுவரைப் பார்த்து உட்கார்ந்து, ஒப்பாரி வைத்தாள்.

"பச்சத்தண்ணி குடிச்சவன, என் ராசா,
பாவி நான் மோந்து பாத்தேன்!
ஊரு சொன்னா சொல்லட்டும், என் ராசா,
ஒம் பொண்டாட்டி நம்பலையே!"

சத்தம் கேட்டு, "ஐயோ என் ஈரக்குலையே!" என்று சாவு வீட்டுக்கு வரும் எங்கள் ஆண்களின் வழக்கப்படி அலறிக்கொண்டு ஓடிவந்த ஜூமாஷ் வாசலிலேயே நின்றுவிட்டான். எசென்குல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்திருந்தான். கன்னமெல்லாம் கண்ணீர்.

சயரா திரும்பிப் பார்த்தாள். "முழிச்சவரு ஒரு குரல் குடுக்கக் கூடாதா?"

"எப்படிடி குடுப்பேன்? நான் செத்தாத்தான் நீ சொல்லுவேன்னு நெனச்சிருந்த வார்த்த. கேட்டுக்கிட்டே இருந்தேன்."