மாமாவின் ஆரஞ்சுக் கயிறு

பிரெஞ்சு ராணுவத்தில் இருபது வருஷம் இருந்துவிட்டு என் மாமா சாரத்தில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் நாலாம் வகுப்பு. மூன்று மாதம் இருந்து பார்க்கிறேன், ஒத்துவந்தால் இங்கேயே தங்கிவிடுகிறேன் என்றார். அம்மாவுக்கு அவர் ஒரே அண்ணன். எப்படியாவது அவர் தங்கிவிட வேண்டும் என்பதைத் தவிர அம்மாவுக்கு அப்போது வேறு வேண்டுதலே கிடையாது.

மாமாவால் சும்மா உட்கார முடியாது. ஏதாவது வேலை கொடு என்று அம்மாவை நச்சரிப்பார். தண்ணீர் மோட்டாரைப் பிரித்துப் போட்டார். அதைத் திரும்பச் சேர்க்க ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. மீன் வாங்க வைத்திக்குப்பம் போனார். மீன்கார அம்மா அவரை டூரிஸ்ட் என்று நினைத்து அரைகுறை இங்கிலீஷில் பேச, வெறும் பையோடு திரும்பி வந்தார். அன்று சோற்றைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துபோனார். எனக்கு என்னவோ சிரிப்புத்தான் வந்தது.

அந்த வருஷப் புயலில் எங்கள் வேப்பமரத்தின் பெரிய கிளை ஒன்று விரிசல் விட்டு, ஓடு போட்ட சமையலறைக்கு நேர் மேலே சாய்ந்து நின்றது. தவளக்குப்பம் பக்கத்திலிருந்து மரம் வெட்டும் புருஷனும் பொண்டாட்டியும் வந்தார்கள். அவர் மேலே ஏறி அறுப்பார். அந்த அக்கா கீழே நின்று கயிறு பிடிப்பார். கிளையில் கட்டிய கயிற்றை உயரத்தில் கிளை பிரியும் ஒரு கவட்டையில் போட்டுக் கீழே இறக்கி, அடிமரத்தில் மூன்று சுற்றுச் சுற்றிக்கொண்டு, நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவார். அப்படிச் சுற்றினால் எத்தனை பாரமும் ஒரு கைக்குள் அடங்குமாம். நான் கேள்வி கேட்டே அவர்கள் உயிரை எடுத்தேன். ரம்பத்தை ஏன் முதலில் கிளையின் அடிப்பக்கம் வைக்கிறார்?

"மேலயே அறுத்தா பட்டையோட பிச்சிக்கினு வந்துடும் பாப்பா" என்றார் அக்கா.

நைலான் கயிறு ஏன் கொண்டுவரவில்லை?

"அது வழுக்கும். நார்க்கயிறுதான் மரத்தப் புடிச்சிக்கும்."

இதைக் கேட்டுக்கொண்டிருந்த மாமா உள்ளே போய்த் தன் பையிலிருந்து ஓர் ஆரஞ்சு நிறக் கயிற்றை எடுத்து வந்தார். பட்டாளத்தில் மலை ஏறும்போது இடுப்பில் கட்டிக்கொண்டதாம்.

"இது ஆளையே தாங்கும். நானே புடிக்கிறேன்" என்றார்.

அக்கா அதை மரத்தில் மாட்டி ஒருமுறை இழுத்துப் பார்த்தார். கயிறு நீண்டு கொடுத்தது. தவறி விழுகிறவனின் இடுப்பு ஒடிந்துவிடாமல் இருக்க, நீண்டு கொடுக்கும்படி செய்த கயிறு அது. அதை மட்டும் நம்பிக் கிளையை அறுத்தால் கிளை நேராக ஓட்டின் மேல் வந்து உட்கார்ந்திருக்கும். இதெல்லாம் நான் ரொம்ப வருஷம் கழித்துத் தெரிந்துகொண்டது. அக்காவுக்கு அந்த ஓர் இழுப்பிலேயே தெரிந்துவிட்டது.

"நல்ல கயிறுதான் சார். ரெண்டையும் போட்டுக்கலாம்" என்று மட்டும் சொன்னார்.

இரண்டையும் கிளையில் கட்டி, அடிமரத்தில் ஒரே மாதிரி சுற்றினார்கள். நார்க்கயிற்றின் நுனி அக்கா கையில், ஆரஞ்சுக் கயிற்றின் நுனி மாமா கையில். மேலே ரம்பம் கடைசி இழுப்பு இழுத்ததும் கிளை படாரென்று பிரிந்து, ஆடி, ஓட்டுக்கு ஒரு சாண் மேலே அப்படியே நின்றது. ஓர் ஓடுகூட உடையவில்லை.

"சே போன்! சே போன்!" என்று பிரெஞ்சில் கத்தினார் மாமா. எல்லாம் சரி என்று அர்த்தம். பல்லைக் கடித்துக்கொண்டு இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்திருந்தார்.

"நீ இல்லன்னா என்னா ஆயிருக்கும்ணே!" என்றாள் அம்மா.

மாமா வந்ததிலிருந்து அவர் முகத்தில் அப்படியொரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை. அதை ரசித்துவிட்டுச் சும்மா இருந்திருக்கலாம். நான் அண்ணாந்து பார்த்துத் தொலைத்தேன். நார்க்கயிறு விறைத்து நின்றது. ஆரஞ்சுக் கயிறு கவட்டைக்கும் கிளைக்கும் நடுவே தொய்ந்து கிடந்தது. அடிமரச் சுற்றோடு மல்லுக்கட்டிய மாமா, தான் இழுத்த இழுப்பையே கிளையின் பாரம் என்று நினைத்துவிட்டார்.

"மாமா, ஒங்க கயிறு லூசா இருக்கு."

"ரெண்டுந்தான் தாங்குது பாப்பா. கம்முனு இரு" என்றார் அக்கா சட்டென்று.

காலையிலிருந்து நான் கேட்ட எதற்கும் அவர் பொய் சொன்னதில்லை. இப்போது ஏன் சொல்கிறார்? எனக்குப் பொறுக்கவில்லை.

"கைய வுட்டுப் பாருங்க மாமா. தெரிஞ்சிடும்."

மாமா சிரித்தார். மேலே பார்த்தார். பிறகு இரண்டு கையையும் விட்டார்.

கிளை அசையவில்லை. நான் கைதட்டினேன். அம்மா என் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள். அக்கா யாரையும் பார்க்காமல் தன் கயிற்றை மெல்ல மெல்ல விட்டுக் கிளையைத் தரையில் இறக்கினார். சரியாகச் சொன்னதற்குக் குட்டா என்று அன்று முழுக்க நான் எல்லோரையும் முறைத்துக்கொண்டே திரிந்தேன்.

வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அங்கே ஏதோ பேப்பர் வேலை பாக்கியிருக்கிறது என்று சொல்லி அந்த வாரமே மாமா கிளம்பிவிட்டார். கார் தெருமுனை திரும்பிய பிறகும் அம்மா கேட்டைச் சாத்தாமல் நின்றாள். எனக்கோ அந்தக் குட்டு இன்னும் ஆறவில்லை.

"நான் சொன்னது கரெக்ட்தானம்மா? மாமா கயிறு தாங்கவே இல்லதானே?"

"கரெக்ட்தான்டி" என்றாள் அம்மா. சொல்லிவிட்டு, கேட் கம்பியைப் பிடித்துக்கொண்டு விசும்பி விசும்பி அழுதாள்.

கரெக்ட் என்றால் எதற்கு அழ வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.