ஏகாம்பரம் வீட்டுச் சாப்பாடு

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விடுகிற ஆள் நான். எங்கள் பொள்ளாச்சிப் பக்கம் முனி இருக்கிறது என்று சொன்ன மரத்தடியில் பாய் விரித்துப் படுத்து, பந்தயத்தில் பரோட்டா ஜெயித்தவன். இதை முதலிலேயே சொல்லிவைப்பது, பாதியில் நீங்கள் உதட்டைப் பிதுக்குவீர்கள் என்று தெரிந்துதான். தாராளமாகப் பிதுக்குங்கள். உங்கள் இடத்தில் நான் இருந்தால் அதைத்தான் செய்வேன். ஆனால் இதில் நான் பயந்த கதை கொஞ்சம்தான், வெட்கப்பட்ட கதைதான் அதிகம். வெட்கப்படுகிற மாதிரி ஒரு பொய்க்கதையை யாரும் தன்னைப் பற்றியே கட்டிக்கொள்ள மாட்டார்கள் இல்லையா, அந்த ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு மே மாதம். என்னோடு கோயம்புத்தூரில் படித்த சேகருக்குக் கல்பாக்கத்தில் வேலை, அங்கேயே குவார்ட்டர்ஸ். கடல் ஓரம், காற்று இலவசம், குடும்பத்தோடு வா என்று வருஷா வருஷம் கூப்பிட்டுக்கொண்டே இருந்தான். நானும் என் மனைவி சுமதியும் ஒரு வாரத்துக்குப் பையைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். முதல் நாலைந்து நாள் ராஜ வாழ்க்கை. மகாபலிபுரத்தில் சிற்பத்தைப் பார்த்ததைவிட வறுத்த கடலை தின்றதுதான் அதிகம். மதுராந்தகம் ஏரி பெரிய ஏரி என்று கூட்டிப்போனான், கோடைக்குத் தண்ணீர் வற்றி நடுவில் பையன்கள் மட்டை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார்கள், ஏரி பார்க்கப் போய் கிரிக்கெட் பார்த்துவிட்டுத் திரும்பினோம்.

அன்றைக்குச் சேகருக்கு டியூட்டி. அவன் மனைவி மல்லிகாவுக்குச் செங்கல்பட்டுதான் பிறந்த ஊர், அவள் சுமதியைத் திருக்கழுக்குன்றம் கோயிலுக்குக் கூட்டிப்போய்விட்டு அப்படியே அம்மா வீட்டையும் எட்டிப் பார்த்து வருவதாகத் திட்டம். கோயில் என்றால் நான் வரமாட்டேன் என்று அவர்களுக்குத் தெரியும். கிளம்பும்போது மல்லிகா சொன்னாள்: "அண்ணா, சோறு கொழம்பு எல்லாம் எடுத்து வெச்சிட்டுப் போறேன். கடல்ல குளிச்சிட்டு மண்ணும் காலுமா முன்பக்கம் வந்துடாதீங்க, பின்பக்கம் தொறந்துதான் கீது, கொழாயில கால கழுவிகினு வந்து சாப்புடுங்க."

கடலில் நின்று அலையோடு மல்லுக்கட்டினால் என்ன பசி பசிக்கும் என்று குளித்தவர்களுக்குத் தெரியும். உச்சி வெயிலில், இடுப்பில் ஈரத் துண்டோடு, வயிறு முதுகில் ஒட்ட நடந்து வந்தேன். குவார்ட்டர்ஸின் பின்பக்கச் சந்தில் நுழைந்தால் எல்லா வீடும் ஒரே அச்சு. அதே மஞ்சள் சுவர், அதே பச்சைக் கதவு, அதே குழாய். இத்தனை நாளும் முன்பக்கமாகவே போய் வந்ததால் எது சேகர் வீடு என்று பிடிபடவில்லை. கால் மணலில் சுட, ஒவ்வொரு கதவாகப் பார்த்துக்கொண்டு திருதிருவென்று நின்றேன்.

"இன்னா சார் நின்னுகினு கீறீங்க? வாங்க, சோறு ஆறுது."

கொஞ்சம் தள்ளி ஒரு ஆள். கட்டம் போட்ட லுங்கி, வெயிலுக்குத் தலையில் துண்டு. ஒரு பச்சைக் கதவில் கை வைத்துக்கொண்டு நின்றார். யாரோ தோட்ட வேலைக்கு வருகிறவர், சேகர் சொல்லி அனுப்பியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். நினைத்தேன் என்பதுகூட அதிகம். என் கண்ணெல்லாம் கதவின் மேல்தான். அவர் கதவைத் தள்ளி உள்ளே போனார், நான் காலைக் கழுவிவிட்டுப் பின்னாலேயே போனேன்.

வெயிலிலிருந்து உள்ளே போனதும் ஒன்றும் தெரியவில்லை. கரண்ட் வேறு இல்லை, ஜன்னல் எல்லாம் சாத்தியிருந்தது. கண் பழகியபோது கூடத்தில் சுவரை ஒட்டி ஒரு குத்துவிளக்கு, அதன் முன்னால் தலைவாழை இலை. சோறு, சாம்பார், வடை, பாயசம், அவித்த முட்டை, மீன் குழம்பு, வறுத்த மீன். பக்கத்தில் ஒரு சிகரெட் பெட்டி. கரண்ட் போனதால் விளக்கு ஏற்றியிருக்கிறார்கள், சிகரெட் சேகரின் உபசாரம் என்று முடிவு கட்டிவிட்டேன். பசி வந்தால் பத்தும் பறக்கும் என்பார்கள், எனக்கு முதலில் பறந்தது புத்தி. இலைக்கும் சுவருக்கும் நடுவில் போய், சுவரில் முதுகைச் சாய்த்துச் சப்பணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட ஆரம்பித்துவிட்டேன்.

சாப்பாடு அவ்வளவு ருசி. மீனை மட்டும் தொடவில்லை, நாங்கள் கறி தின்போம், மீன் பழக்கமில்லை, வாடையே ஒத்துக்கொள்ளாது. அடுப்படிப் பக்கத்திலிருந்து அதே குரல் கேட்டது.

"இன்னா சார், மீன் தொடல?"

"பழக்கமில்லீங்க" என்றேன், தலையைத் தூக்காமல்.

"வுடுங்க. நான் பாத்துக்கறேன்."

நம்பினால் நம்புங்கள், இல்லாவிட்டால் போங்கள், இந்தப் பேச்சு என் காதால் கேட்டது. மீனைத் தவிர இலையைத் துடைத்து எடுத்தேன். இன்னும் கொஞ்சம் பாயசம் இருக்குமா என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்கவும் கேட்டேன். அந்த நேரம் முன்கதவை யாரோ தட்டினார்கள். மெதுவாக, மரியாதையாக, உள்ளே இருப்பவரிடம் அனுமதி கேட்பதுபோலத் தட்டினார்கள். திறக்கலாம் என்று எழுந்து திரும்பினேன். நான் சாய்ந்திருந்த இடத்துக்கு நேர் மேலே, சுவரில், மாலை போட்ட ஒரு ஆளின் படம். நெற்றியில் பெரிய குங்குமப் பொட்டு.

என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று அந்த நொடியே புரிந்துவிட்டது. வருஷத் திதிக்குப் படையல் போட்டால், கற்பூரம் காட்டிவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு எல்லோரும் வெளியே வந்து நிற்பார்கள். செத்தவர் வந்து கூச்சமில்லாமல் சாப்பிட வேண்டும் என்று. கொஞ்ச நேரம் கழித்துக் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே போவார்கள். எங்கள் ஊரிலும் சில வீடுகளில் உண்டு, நானே கேலி செய்திருக்கிறேன். செத்தவனுக்குப் போட்ட சோற்றை அவன் இடத்தில் உட்கார்ந்து தின்றுவிட்டு, பாயசம் இன்னும் வேண்டும் என்று கேட்டவன் இப்போது எச்சில் கையோடு பின்கதவு வழியாக ஓடினேன். அந்த ஆளை அடுப்படியில் பார்க்கவில்லை. பார்க்கத் தோன்றவும் இல்லை.

சேகர் வீடு அதற்கு அடுத்த கதவு. அடுப்படியில் மல்லிகா மூடிவைத்த பாத்திரங்கள் அப்படியே இருந்தன. மூச்சு வாங்க நின்றேன். சுவருக்கு அந்தப் பக்கம் முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. பிறகு ஒரு பெண் குரல் வெடித்தது.

"வந்துட்டாருடி! சாப்ட்டாருடி! எலைய பாரு, கோவம் போயிடுச்சு அவருக்கு!"

அழுகையா சிரிப்பா என்று தெரியாத குரல். என் விரல் இடுக்கில் சோற்றுப் பருக்கை காய்ந்துகொண்டிருந்தது. நாண்டுகொண்டு சாகலாம் என்பார்களே, அப்படி இருந்தது எனக்கு.

சேகர் மத்தியானம் வந்ததும் சொன்னேன். முதலில் விழுந்து விழுந்து சிரித்தான், பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. அந்த வீட்டுக்காரர் பெயர் ஏகாம்பரம், வேலைக்கு ஆட்களை ஏற்றி இறக்கும் கம்பெனி பஸ்ஸுக்கு டிரைவர், போன வருஷம் தவறிப்போனார், அவர் மனைவி கஸ்தூரிக்கு அவருக்குப் பதிலாக வேலை கொடுத்திருக்கிறார்கள். சாகிற அன்று மத்தியானம் யாரோ ஒருத்தரைச் சாப்பிடக் கூட்டிவந்திருக்கிறார், வீட்டில் சோறு போதவில்லை, அந்த அம்மா வந்தவர் எதிரிலேயே "வூடு இன்னா சத்திரமா?" என்று கேட்டுவிட்டது. ஒரு வார்த்தை பேசாமல் அவரையும் கூட்டிக்கொண்டு வெறும் வயிற்றோடு வெளியே போனவர்தான். செங்கல்பட்டு ரயில்வே ஸ்டேஷன் வாசலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், முடிந்துவிட்டது. அன்றிலிருந்து கஸ்தூரியம்மா வாய்க்கு ருசியாக ஒன்றும் சாப்பிடுவதில்லையாம்.

"இன்னிக்குத்தான் அது நிம்மதியா ஒரு வாய் சாப்பிட்டிருக்கும். நீ வாயை மூடிட்டு ஊரு போய்ச் சேருடா" என்றான் சேகர்.

அவன் சொன்னதைக் கேட்டிருக்கலாம். ஆனால் ஒரு பொம்பளை என் எச்சில் இலையைப் பார்த்துப் புருஷன் வந்தான் என்று கும்பிடுகிறாளே என்பது தொண்டையில் முள்ளாக நின்றது. வெயில் தாழ்ந்ததும் சட்டையைப் போட்டுக்கொண்டு போனேன். கஸ்தூரியம்மா வாசலில் முறத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நடந்ததைச் சொல்லி, தெரியாமல் செய்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்று கைகூப்பினேன். திட்டுவார், ஊரைக் கூட்டுவார் என்று எதிர்பார்த்துத்தான் போனேன்.

"மீனையும் நீங்கதான் சாப்ட்டீங்களா சார்?" என்று கேட்டார்.

"இல்லீங்கம்மா, நான் மீன் சாப்பிடறதில்லை. அப்படியே இருந்துச்சு."

"நாங்க பாக்கசொல்ல மீன் இல்ல. முள்ளுதான் இருந்துச்சு, எல ஓரமா, ஒண்ணு பக்கத்துல ஒண்ணு."

பூனையாக இருக்கும் என்றேன். எனக்கே குரல் எடுபடவில்லை.

"பூன முள்ள வரிசயா அடுக்குமா சார்?" சண்டை போடுகிற மாதிரி இல்லை, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி கேட்டார். "சரி, உங்கள யாரு உள்ள கூப்ட்டது?"

லுங்கி கட்டின ஆளைச் சொன்னேன். தலையில் துண்டு, சோறு ஆறுது என்றது, மீனை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றது எல்லாவற்றையும். சொல்லச் சொல்ல முறம் அவர் மடியிலிருந்து நழுவியது. யாரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று எனக்கே அப்போதுதான் உறைத்தது.

"அவரு தனியா சாப்ட மாட்டாரு சார். யாரயாச்சும் இட்டாந்துடுவாரு." கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையைப் பிடிக்காத குறையாக முன்னால் நகர்ந்தார். "மூஞ்சி எப்டி இருந்துச்சு? கோவமா இருந்தாரா?"

அந்த அம்மாவுக்கு உலகத்தில் வேண்டியிருந்தது அந்த ஒரு பதில்தான். அது என்னிடம் இல்லை. ஒருவர் வெயிலில் நின்று, பெயர் தெரியாத என்னை அன்பாகச் சாப்பிடக் கூப்பிட்டிருக்கிறார், நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. லுங்கி கட்டியிருந்தார், தோட்டக்காரர் என்று நினைத்தேன், தோட்டக்காரரின் முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? சேகரின் மேலதிகாரி பேன்ட் சட்டையோடு நின்று கூப்பிட்டிருந்தால் பல்லை இளித்துக்கொண்டு பார்த்திருப்பேன். படையலைத் தின்ற வெட்கம்கூடப் போய்விட்டது, இது போகவில்லை.

"சிரிச்ச முகமாத்தாங்க இருந்தார்" என்றேன்.

கஸ்தூரியம்மா முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு வெகுநேரம் அழுதார். பிறகு மூக்கைச் சிந்திவிட்டு, "அடுத்த தபா வந்தா சொல்லிட்டு வாங்க சார், மீன் வெக்காத சமைக்கிறேன்" என்றார். ஊருக்குத் திரும்புகிற வழியெல்லாம் சுமதி திருக்கழுக்குன்றத்தைப் பற்றிப் பேசினாள். நான் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன்.

இதுவரைக்கும் நீங்கள் நம்பாவிட்டால்கூட எனக்கு வருத்தமில்லை. குரல் யாரோ பக்கத்து வீட்டுக்காரருடையது, மீன் வேறு யாரோ எடுத்தது என்று நானே எனக்குப் பலமுறை சொல்லிப் பார்த்துவிட்டேன். ஆனால் அந்தப் பொய் இருக்கிறதே, அதற்குப் பிறகுதான் ஒன்று ஆரம்பித்தது. எப்போதாவது அந்தச் சந்து ஞாபகம் வந்தால், அந்த ஆள் கதவில் கை வைத்துக்கொண்டு நிற்கிறார், முன்பெல்லாம் வெறும் முதுகும் துண்டும்தான் தெரியும், இப்போது திரும்பிச் சிரிக்கிறார். மேல்வரிசையில் முன்பல் ஒன்று இல்லை. சுவரில் இருந்த படத்தில் வாய் மூடியிருந்தது, அதில் பல் தெரிய வழியில்லை, யாரும் என்னிடம் சொல்லவும் இல்லை.

சேகர் அவருக்கு அடுத்த வீட்டிலேயே பல வருஷம் இருந்தவன். ஏகாம்பரத்துக்கு முன்பல் இருந்ததா என்று ஒரு போன் போட்டால் சொல்லிவிடுவான். இல்லை என்று சொன்னால் என்ன செய்வேன் என்று தெரியவில்லை. இருந்தது என்று சொன்னால், அந்த அம்மாவிடம் நான் சொன்னது பொய் என்று ஆகிவிடும். மாசம் ஒரு தடவை அவனோடு பேசுகிறேன், இன்னும் கேட்கவில்லை.