அந்தக் குதிரை ஓடியிருந்தால்

குதிரைப் பந்தயத்தைப் பற்றி எனக்கு ஒரு மண்ணும் தெரியாது. தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்ததில்லை. துபாய்க்கு வெளியே, பாலைவனத்தை ஒட்டிய ஒரு லாயத்தில் பிக்கப் ஓட்டினேன். புல்லுக்கட்டும் தீவனமும் ஏற்றி இறக்கினால் என் டூட்டி முடிந்தது. ஆனால் ஒரு குதிரை, அதுவும் ஓடாத குதிரை, எங்கள் குடும்பத்துக்குள் புகுந்து பண்ணிய காரியத்தை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

அது இங்கிலாந்தில் வேலிகளைத் தாண்டி ஓடும் பந்தயங்களுக்கான குதிரை. எங்கள் அர்பாபுக்கு, அதாவது முதலாளிக்கு, அங்கேயும் சில குதிரைகள் இருந்தன. இதுதான் அவற்றில் உசத்தி. ஒரு பந்தயத்தில் ஜெயித்த கையோடு அதன் முன்னங்காலில் நரம்பு கிழிந்துவிட்டது. குளிர்காலத்தில் துபாய் மணலில் கிடந்தால் தேறும் என்று விமானத்தில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். அதைப் பார்த்துக்கொள்ள ஓர் ஆள் தேவைப்பட்டது. பதான் மேனேஜரின் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, ஊரில் பந்தய மாடு பார்த்துக்கொண்டு திரிந்த என் அக்கா புருஷனுக்கு அந்த விசாவை வாங்கிக் கொடுத்தேன்.

மச்சான் வந்த நாளிலிருந்து குதிரையே கதி என்று கிடந்தார். காலையும் மாலையும் அதன் காலுக்குக் குழாய்த் தண்ணீர் பீய்ச்சுவார், களிமண் பூசிக் கட்டுப் போடுவார். அது முன்பு ஓடிய பந்தயங்களின் சிடிக்களை மேனேஜரிடம் வாங்கிவந்து ரூமில் திரும்பத் திரும்பப் போடுவார். நாங்கள் ஒரு படம் பார்க்க வேண்டுமென்றால் அவரோடு மல்லுக்கட்ட வேண்டும்.

ஏப்ரலில், வேலி தாண்டும் பந்தயங்களிலேயே பெரியது என்று இங்கிலாந்தில் கொண்டாடும் பந்தயம் வந்தது. கால் மட்டும் நன்றாக இருந்திருந்தால் எங்கள் குதிரையும் அதில் ஓடியிருக்கும். அர்பாப் அன்றைக்கு லாயத்து மஜ்லிஸிலேயே, விருந்தாளிகளை உட்காரவைக்கும் கூடத்தில், உட்கார்ந்து டிவியில் பார்த்தார். நாங்கள் பின்னால் நின்றோம். நீண்ட ஓட்டம். குதிரைகள் வேலிக்கு வேலி விழுந்துகொண்டே போயின. கடைசியில் ஜெயித்தது எது தெரியுமா? எங்கள் குதிரை ஜெயித்த பந்தயத்தில் அதற்கு வெகுதூரம் பின்னால், மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஒரு குதிரை.

மஜ்லிஸில் ஆளாளுக்குப் பேச ஆரம்பித்தார்கள். நம்முடையது ஓடியிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு ஜெயித்திருக்கும் என்று மேனேஜர் சத்தியம் பண்ணாத குறை. சூடான்காரரான கால்நடை டாக்டர் மட்டும், இது நம் குதிரை ஜெயித்த பந்தயத்தைவிட நீளம், முதுகில் ஏற்றும் சுமையும் அதிகம், அடித்துச் சொல்ல முடியாது என்றார். எப்படியானாலும் அந்தக் காலை வைத்துக்கொண்டு இனி வேலி தாண்டக் கூடாது என்றும் சொன்னார். அவர் ஏற்கெனவே பல தடவை சொன்னதுதான். அர்பாப் அதைக் காதில் வாங்கியதே இல்லை. சட்டைப்பையில் இருந்ததைப் பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு மச்சான் பக்கம் திரும்பினார்.

"தினமும் கூட இருக்கிறவன் நீ. நீ சொல்லு, ஓடியிருந்தா ஜெயிச்சிருக்குமா?" என்று உருதுவில் கேட்டார்.

எதற்காகக் கேட்கிறார் என்று எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஜெயித்திருக்கும் என்று மனதில் விழுந்துவிட்டால், டாக்டர் என்ன கத்தினாலும் அடுத்த வருஷம் அதே பந்தயத்துக்கு அனுப்பிவிடுவார். அதுவரை மச்சானுக்கு வேலை உண்டு. ஜெயித்திருக்காது என்றால் குதிரை லாயத்தை விட்டுப் போய்விடும். ஒரு குதிரை போனால் ஓர் ஆளும் போவான், அதுதான் அங்கே வழக்கம். நான் பின்னாலிருந்து மச்சானின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"நஹி அர்பாப், ஜெயிச்சிருக்காது" என்றார் மச்சான். தன் ஓட்டை உருதுவில், அது ஜெயித்த பந்தயத்தை சிடியில் நன்றாகப் பார்த்தேன், கடைசியில் அதற்கு வேகம் செத்துவிட்டது, இன்னும் ஒரு வேலி இருந்திருந்தால் நின்றே போயிருக்கும், அது சின்ன ஓட்டத்துக்குத்தான் லாயக்கு என்றார்.

அர்பாப் "கலாஸ்", முடிந்தது, என்று எழுந்து போய்விட்டார்.

ரூமுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஒங்களுக்கு என்ன கேடுகாலம்? ஜெயிச்சிருக்கும்னு ஒரு வார்த்த சொன்னா வாய் வெந்தா போயிரும்? அத்தன பேரும் சொல்றான், ஒங்களுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" மச்சான் சாப்பிட்ட தட்டைக் கழுவிவைத்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

அடுத்த வாரம் குதிரையை அல் ஐன் பக்கம் அர்பாபின் சொந்தக்காரர் ஒருவருடைய தோட்டத்தில் விட்டுவரச் சொன்னார்கள். குதிரை ஏற்றும் வண்டியை பிக்கப்புக்குப் பின்னால் பூட்டிக்கொண்டு நானும் மச்சானும் போனோம். அங்கே பேரீச்சை மரங்களுக்கு நடுவே அவிழ்த்து விட்டதும் அது நொண்டாமல் நடந்து போய் நிழலில் நின்றது. மச்சான் அதன் கழுத்தைக் கொஞ்ச நேரம் தடவிக் கொடுத்தார். திரும்பும் வழியில் எனக்கு மனசு கேட்கவில்லை.

"மச்சான், நெசமாவே ஜெயிச்சிருக்காதா?"

"ஜெயிச்சிருக்கும் மாப்ள" என்றார். "கடைசில அது ஒண்ணும் தெணறல. ஜெயிச்சாச்சுன்னு ஜாக்கிதான் கடிவாளத்தப் புடிச்சான். விட்டிருந்தா அது பாட்டுக்கு இன்னொரு சுத்து வந்திருக்கும்."

வண்டியை ஓரம் கட்டினேன். "அப்ப ஏன்யா அப்பிடிச் சொன்னீங்க?"

"ஆமான்னு சொன்னா அடுத்த வருசம் அனுப்பிருவாரு. டாக்டர் சொன்னத நீயுந்தான கேட்ட. ஏதாவது ஒரு வேலில கால் ஒடியும். கால் ஒடிஞ்ச குதிரய அங்கேயே ஊசி போட்டுக் கொன்னுருவாங்க மாப்ள."

"எங்க அக்காவ நெனச்சுப் பாத்தீங்களா?"

"நெனச்சேன்" என்றார்.

வண்டியைக் கிளப்பினேன். ஒரு மிருகத்துக்காக என் அக்கா சோற்றில் மண்ணைப் போட்டுவிட்டாரே என்று ஆத்திரமாக வந்தது. அவரைத் திட்டவும் வாய் வரவில்லை. அந்த ரெண்டும் இன்றைக்கு வரைக்கும் எனக்குள் தீரவில்லை.

விசாவை கேன்சல் பண்ணி மச்சானை ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். அந்த வெள்ளிக்கிழமை துபாய் சத்வா கடைத்தெருவில் ஒரு போன் கார்டு வாங்கி அக்காவைக் கூப்பிட்டேன். நன்றாக வாங்கிக் கட்டிக்கொள்ளப்போகிறோம் என்று நினைத்தேன்.

"வந்து சேந்துட்டாருப்பா. நடந்ததெல்லாம் சொன்னாரு" என்றாள் அக்கா. "அந்த அரபிக்குப் புடிச்ச மாதிரி ஒரு வார்த்த சொல்லியிருந்தா என்னவாம்? எல்லாரும் அதத்தான செய்றாங்க. என்ன பண்றது தம்பி, இந்த மனுசனுக்குப் பொய்யே வராது. கல்யாணம் ஆன நாள்லேர்ந்து பாக்குறேனே." குரலில் அழுகை இருந்தது. கொஞ்சம் பெருமையும் இருந்தது. "அந்தக் குதுர ஓடியிருந்தாலும் ஜெயிச்சிருக்காதுதான?"

"ஜெயிச்சிருக்காதுக்கா" என்றேன்.