அம்மா வீட்டுக்குப் போன விரிப்புகள்

புஷ்பவல்லி அக்காவை நினைத்தாலே எனக்கு முதலில் நீராவிதான் ஞாபகம் வருகிறது. மலேசியாவில், ஷா ஆலமில் அவர் வேலை செய்யும் சலவைத் தொழிற்சாலைக்குள் காலை ஏழு மணிக்கு நுழைந்தால், எதிரே வருகிறவரின் முகம் பாதிதான் தெரியும். வெள்ளை வெள்ளையாக விரிப்புகள் பெரிய அயர்ன் மெஷினின் உருளைகளுக்குள் மெல்ல நுழைந்து, மறுபக்கம் சூடாக வெளியே வரும். ஒரு நாளைக்கு மூவாயிரம் விரிப்புகள். அத்தனையும் கோலாலம்பூர் ஹோட்டல்களின் கட்டில்களுக்கு.

அக்காவுக்கு நாற்பத்து மூன்று வயது. கம்போங் மேடானில் ஐந்தாவது மாடியில் வீடு. லீவு நாளில் பிரிக்ஃபீல்ட்ஸுக்கு வந்தால், ஸ்டேஷன் பக்கத்தில் இருக்கும் உயரமான ஹோட்டலை அண்ணாந்து பார்த்தபடி நின்றுவிடுவார். அங்கே அப்படி என்ன இருக்கிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"பதினேழாவது மாடிய பாரு. லைட் எரியுதுல்ல? அங்க எவனோ என் பெட்ஷீட்ல படுத்திருக்கான். ஜப்பான்காரனோ யாரோ. நல்லா தூங்கட்டும்லா."

அப்படிச் சொல்கிறவர் பதினொரு வருடமாகப் பயந்து பயந்து வேலை செய்திருக்கிறார் என்று யாராவது சொன்னால் நம்ப முடியுமா?

தொழிற்சாலையில் தினமும் காலையில் எல்லாரையும் வரிசையில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிடுவார்கள். சூப்பர்வைசர் பக்கிரிசாமி ஒரு வெள்ளைப் பலகை வைத்திருந்தார். யார் கையில் விரிப்பு கிழிந்ததோ, அவர் பெயர் சிவப்பு மையில் ஏறும். ஒரே மாதத்தில் மூன்று முறை ஏறினால், அழுக்குத் துணி பிரிக்கிற அறைக்கு அனுப்பிவிடுவார். வாந்தி, ரத்தம், குழம்புக் கறை என்று எல்லாம் முதலில் வந்து சேருகிற அறை அது. அக்கா அங்கே இரண்டு வருடம் இருந்தார்.

"அந்த ரெண்டு வருஷமும் நான் மல்லிப்பூ வச்சதே இல்ல. வச்சாலும் வாசம் தெரியாது" என்றார் என்னிடம், சிரித்துக்கொண்டே. என்னால் சிரிக்க முடியவில்லை.

பெயர் ஏறாமல் இருக்க அங்கே எல்லாரும் ஒரு வழி வைத்திருந்தார்கள். மூலையில் நான்காம் நம்பர் டிரையர் எப்போதோ கெட்டுப்போய்க் கிடந்தது. யார் கையிலாவது விரிப்பு கிழிந்தால், சின்னதாக மடித்து அதற்குள் தள்ளிவிடுவார்கள். "எங்க அந்தப் பெட்ஷீட்டு?" என்று கேட்டால், "அம்மா வீட்டுக்குப் போயிருச்சு" என்பார்கள். யாராவது அந்த மூலைக்கு நடந்தால் மற்றவர்கள் தலையைத் திருப்பிக்கொள்வார்கள். அதுதான் அங்கே ஒருவருக்கொருவர் காட்டுகிற மரியாதை.

அக்காவின் கைக்குப் பல விஷயங்கள் தெரியும். உருளைக்குப் பக்கத்தில் உள்ளங்கையைக் காட்டினாலே சூடு கூடியிருக்கிறதா, குறைந்திருக்கிறதா என்று சொல்லிவிடுவார். ஆனால் யாரிடமும் சொன்னதில்லை. சேர்ந்த புதிதில் ஒரு நாள், மெஷின் சத்தம் சரியில்லை என்று நிறுத்தியிருக்கிறார். "நீ என்ன மெஷினுக்கு டாக்டரா?" என்று கேட்டாராம் பக்கிரிசாமி. மறுநாள் அக்காவின் பெயர் பலகையில் இருந்தது. அதற்குப் பிறகு அக்கா வாயைத் திறக்கவில்லை.

இந்த வருடம் பிப்ரவரியில் கிள்ளானிலிருந்து ஷாமினி மேனேஜராக வந்தார். முப்பத்திரண்டு வயது. முதல் நாளே பலகையைத் தானே துடைத்தார். சிவப்பு முழுதாகப் போகவில்லை. தின்னர் போட்டுத் தேய்த்தும் பழைய பெயர்கள் ரோஸ் நிறத்தில் மங்கலாகத் தெரிந்தன. பிறகு வரிசையைப் பார்த்துக் கேட்டார்.

"நேத்து என்ன கெட்டுப் போச்சு? யார் செஞ்சாங்கன்னு வேணாம். என்னன்னு மட்டும் சொல்லுங்க."

எல்லாரும் குனிந்து தங்கள் கால் சப்பாத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். தினமும் அதே கேள்வி, தினமும் அதே மௌனம். ஆறு வாரம் இப்படியே போனது! ராமநாதபுரத்திலிருந்து வேலை பெர்மிட்டில் வந்த நிஜாம் அக்காவின் காதில், "எலிக்கு வைக்கிற கருவாடுக்கா இது, கடிச்சிராதீங்க" என்றானாம்.

ஆனால் ஷாமினி வேடிக்கை மட்டும் பார்த்துக்கொண்டு இருக்கவில்லை. அக்கா அடிக்கடி உள்ளங்கையை நீராவியில் காட்டுவதைக் கவனித்திருக்கிறார். ஒரு நாள் கூப்பிட்டு, அயர்ன் மெஷினுக்கு ஒப்பரேட்டராக மூன்று மாதம் பார்க்கச் சொன்னார். சரியாக வந்தால் வேலை நிரந்தரம். ஒப்பரேட்டருக்கு உயரமான ஸ்டூல் உண்டு, மெஷினின் சாவி உண்டு. அக்கா தன் வாழ்க்கையில் வாய்விட்டு ஆசைப்பட்ட வேலை இது ஒன்றுதான். அந்த மூன்று மாதமும் மேகத்துக்கு நடுவில் உட்கார்ந்திருப்பது போல இருந்தது என்றார்.

அது முடியப் பதினொரு நாள் இருந்தபோது, அக்காவின் கையில் அந்த மாதத்தின் மூன்றாவது விரிப்பு கிழிந்தது.

பலகையைத் துடைத்ததோடு சரி, பழைய சட்டம் போய்விட்டது என்று யாரும் சொல்லவில்லை. அக்கா விரிப்பை மடித்தார். மூலைக்கு நடந்தார். எல்லாரும் தலையைத் திருப்பிக்கொண்டார்கள். டிரையர் கதவைத் திறந்து, இருட்டுக்குள் கையை விட்டார். விரல்கள் வேறொரு விரிப்பின் கிழிசலில் மாட்டின.

கை தானாக அளந்தது. ஓரத்திலிருந்து ஒரு சாண், நாலு விரல். தன் கையிலிருந்த விரிப்பை அளந்தார். ஒரு சாண், நாலு விரல். இன்னொன்றை உருவினார். அதுவும் அதே. நீராவி சுற்றிலும் மெதுவாக நகர்ந்துகொண்டிருந்தது, சத்தமெல்லாம் எங்கேயோ தூரத்தில் கேட்டது. கனவில் நிற்கிற மாதிரி நின்றேன் என்றார்.

மறுநாள் வரிசையில் இதைச் சொல்லப் போவதாக, டீ நேரத்தில் நிஜாமிடம் மட்டும் சொன்னார்.

"வேணாம்க்கா. உங்களுக்கு மூணு கிழிஞ்சதுன்னு தெரிஞ்சா அழுக்கு ரூம். எனக்குன்னா ஊருக்கு ஃபிளைட்டு."

"உன்னோடது எத்தன உள்ள கெடக்கு?"

"எண்ணலக்கா." ஒரு வாய் டீ குடித்தான். "ஏழு."

"எண்ணாமலே ஏழா? நல்லா இருக்குடா. சரி, உன் பேரு துணியில எழுதியா இருக்கு? என் கதைய மட்டும்தான் நான் சொல்லப் போறேன்."

மறுநாள் காலை ஷாமினி வழக்கம்போல் கேட்டார். அக்காவின் கை மேலே போனது. யாரோ பிடித்துத் தூக்கின மாதிரி இருந்ததாம்.

"மிஸ், நேத்து ஒரு பெட்ஷீட் கிழிஞ்சுது. நான்தான். இந்த மாசம் மூணாவது."

பக்கிரிசாமியின் கண் பலகைக்குப் போனது. ஷாமினி அக்காவையே பார்த்தார்.

"அது இப்ப எங்க இருக்கு?"

"அம்மா வீட்ல, மிஸ்."

பின்னால் யாரோ சிரித்துவிட்டு, சட்டென்று நிறுத்தினார்கள்.

டிரையரைத் திறந்து எடுக்க ஆரம்பித்தார்கள். எடுக்க எடுக்கத் தீரவில்லை! வெள்ளை, பழுப்பேறிய வெள்ளை, மூடிப்போன ஹோட்டல்களின் முத்திரை போட்டது என்று வந்துகொண்டே இருந்தது. தரை முழுக்க விரித்துப் போட்டார்கள். தொழிற்சாலைக்குள் ஒரு வெள்ளை வயல் விரிந்த மாதிரி இருந்திருக்கும். அதன் நடுவில் அக்கா முட்டி போட்டு ஒவ்வொன்றாகச் சாண் வைத்துக்கொண்டே போனார். ஒன்றிரண்டைத் தவிர எல்லாக் கிழிசலும் ஒரே இடத்தில்.

"இது கை கிழிச்சது இல்ல, மிஸ். கைன்னா கண்ட எடத்துல கிழிக்கும்."

அப்போது பக்கிரிசாமி மெதுவாகக் குனிந்து, நீலக் கரை போட்ட ஒரு பழைய விரிப்பை எடுத்தார். 

"இது என்னோடது மிஸ். நான் ஒப்பரேட்டரா இருந்தப்ப."

மெஷினை நிறுத்தி, ஆறுவதற்கு இரண்டு மணி நேரம் காத்திருந்தார்கள். அக்காவே தரையில் படுத்து, கையை உள்ளே நுழைத்துத் தடவினார். துணி உருளைக்குள் நுழைகிற இடத்தில், வலது பக்கத் தகட்டின் மூலை ஒன்று நகத்தளவுக்கு மடங்கியிருந்தது. விரிப்பு நேராகப் போனால் ஒன்றும் ஆகாது. கொஞ்சம் வலது பக்கம் ஒதுங்கினால் மட்டும் மாட்டும். அக்காவின் விரலில் ரத்தம் வந்தது. ஃபிட்டர் வந்து அரம் போட்டுத் தேய்க்கப் பத்து நிமிடம்தான் ஆனது.

வெறும் பத்து நிமிடம்!

எழுந்து உட்கார்ந்த அக்கா, விரலை வாயில் வைத்துக்கொண்டே கேட்டார்.

"அப்ப என்னோட அந்த ரெண்டு வருஷம், மிஸ்?"

ஷாமினி அக்காவின் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்தார். பிறகு, "தெரியலக்கா. எனக்குப் பதில் தெரியல" என்றார். பக்கிரிசாமி அன்று மதியம் சாப்பிடப் போகவில்லை.

இதை அக்கா சொல்லும்போது நான் அழுதுவிட்டேன். அவர் அழவில்லை. எனக்கும் சேர்த்து ஒரு வடை வாங்கினார்.

ஷாமினி அன்றே எல்லாருக்கும் முன்னால் பழைய சட்டம் இனி இல்லை என்று சொல்லிவிட்டார். பதினொரு நாள் கழித்து மெஷின் சாவி அக்காவின் கைக்கு வந்தது. அதற்கு அடுத்த மாதத்தில் கிழிந்த விரிப்புகளை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம். ஆட்கள் மாறவில்லை, மெஷினும் மாறவில்லை. வரிசையில்தான் வாய்கள் திறந்துகொண்டன. சோப்பு வாசம் தூக்கலாக இருக்கிறது, மூன்றாவது தள்ளுவண்டியின் சக்கரம் இழுக்கிறது, துணி நேராகப் போகத் தரையில் ஒரு கோடு போடலாம் என்று வருடக்கணக்காகத் தொண்டையில் நின்றவை ஒவ்வொன்றாக வந்தன. கோடு போடச் சொன்னது பக்கிரிசாமி.

போன வாரம் காலை, ஷாமினி கேட்பதற்கு முன்பே நிஜாம் வரிசையிலிருந்து முன்னால் வந்தான். கையில் கிழிந்த விரிப்பு.

"மிஸ், இதுக்கு மெஷின் மேல பழி போட வேணாம். நானே மிதிச்சு கிழிச்சுட்டேன்."

"எப்படி மிதிச்சீங்க?"

"தூக்கக் கலக்கத்துல, மிஸ்."

வரிசையே சிரித்தது. அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கி வந்து, விரிப்பை வாங்கி, ஓரத்திலிருந்து சாண் வைத்து அளந்தார்.

"ஆமா மிஸ்" என்றார். "இது இவன்தான்."