ரேடியேட்டரும் ஒரு குடைக்கம்பியும்

பல்லி கத்தினாலும் சரி, தபால்காரர் சைக்கிள் மணி அடித்தாலும் சரி, கையில் இருப்பதைக் கீழே போட்டுவிடுவேன். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று என் கணவர் கேலி செய்யாத நாள் கிடையாது. ஆனால் கல்யாணமாகி ஆறாவது மாதம் ஒரு மூன்று நாள் பயந்தேனே, அது வேறு ரகம். அந்தப் பயத்தை நானே கையால் செய்து வைத்துக்கொண்டேன்.

ஐம்பதுகளின் நடுவில் நடந்தது. கீரமங்கலத்தில் ஒரு தேங்காய் வியாபாரியிடம் அவர் கார் டிரைவராக இருந்தார். காரைக்குடிப் பக்கம் ஏதோ பங்களாவில் ஓடிக் களைத்து வந்த கார். அதற்கும் எனக்கும் ஏறக்குறைய ஒரே வயது. கார் ஷெட்டை ஒட்டினாற்போல ஓடு போட்ட ஓர் அறை, அதுதான் எங்கள் வீடு. வேலை போனால் வீடும் போகும். கல்யாணப் பேச்சின்போதே இதை என் அப்பாவிடம் அவர் சொல்லியிருந்தார். ஒளிவு மறைவு இல்லாத மனிதர்.

இன்னொன்றும் சொல்லியிருந்தார். அவருடைய அப்பாவுக்கு நாற்பது வயதிலேயே ஞாபகம் தப்பிவிட்டது. தண்ணீர் இறைக்க மாட்டைக் கமலையில் பூட்டிவிட்டு, பூட்டியதை மறந்து வீட்டுக்கு வந்து படுத்துக்கொள்வாராம். கடைசியில் தன் வீட்டு வாசலில் நின்றுகொண்டு வீட்டுக்கு வழி கேட்டாராம். இவர் அதனால்தானோ என்னவோ, எதையும் ஒன்றுக்கு இரண்டு தடவை சரிபார்ப்பார். விளக்கை அணைத்தால் திரும்பி வந்து பார்ப்பார். நான் அதைக் கேலி செய்ததும் உண்டு. இப்போது நினைத்தால் நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்குக் காரை அலங்கரிக்கிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். எங்கள் ஊரில் பூவுக்குப் பஞ்சமே இல்லை. கதம்ப மாலை ஒன்றைக் கை கனக்கக் கட்டி, வேப்பிலைக் கொத்தும் எலுமிச்சம்பழமும் சேர்த்துக் காரின் முகப்பில் தொங்கவிட்டேன். பாரம் தாங்காமல் அது சரிந்து சரிந்து விழுந்தது. பழைய குடைக்கம்பி ஒன்று கிடந்தது. அதை எடுத்து, காரின் முன்னால் தேன்கூடு மாதிரி கண்ணறை கண்ணறையாக இருக்கிறதே, அதற்குள் ஓங்கிக் குத்தி, அதில் மாலையை மாட்டினேன். அப்புறம் அசையவில்லை. மேலே சந்தனத்தை அப்பிக் குங்குமமும் வைத்தேன். வியாபாரியின் மனைவி வந்து பார்த்துவிட்டு, “எம்புட்டு அம்சமா இருக்கு பாரு” என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

மறுநாள் விடிந்ததும் கம்பியை உருவினேன். நுனி ஈரமாக இருந்தது. சந்தனத் தண்ணீர் என்று முந்தானையில் துடைத்துப் பரணில் போட்டேன்.

அன்று விஜயதசமி. வியாபாரி புதுக்கோட்டைக்குப் புறப்பட்டார். ஆலங்குடி தாண்டுவதற்குள் கார் கொதித்துவிட்டது. முதலாளியை பஸ் ஏற்றிவிட்டு, ஊருணித் தண்ணீரை ஊற்றி ஊற்றி நிறுத்தி நிறுத்தி ஓட்டிக்கொண்டு என் கணவர் சாயங்காலம் வந்து சேர்ந்தார். வியாபாரி திரும்பியதும் நேரே ஷெட்டுக்கு வந்தார்.

“காலையில தண்ணி ஊத்துனியா?”

“ஊத்துனேங்கய்யா.”

“ஊத்துன தண்ணி எங்கிட்டுப் போச்சு? கீழ ஒரு சொட்டு ஈரத்தைக் காணோமே?”

அவர் ஊற்றியதை நான் பார்த்திருந்தேன். வாசல் பெருக்கிக்கொண்டிருந்தேன், நிரம்பி வழிந்த தண்ணீர் நான் பெருக்கிய இடத்தைச் சேறாக்கியதற்கு முணுமுணுத்தேன்கூட. கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்த எனக்கு, வெளியே வந்து “ஊத்துனாருங்க, நான் பாத்தேன்” என்று சொல்ல ஒரு நொடி போதும். சொல்லத்தான் போனேன். அதற்குள் முதலாளி அந்தத் தேன்கூட்டைத் தட்டி, “இதுக்குள்ள தானடா தண்ணி ஓடுது, இது சரியாத்தானே இருக்கு?” என்றார்.

அது வெறும் சல்லடை என்றல்லவா நினைத்திருந்தேன்! ஈரமான குடைக்கம்பி கண் முன்னால் வந்து நின்றது. வாயை மூடிக்கொண்டேன்.

“நாளான்னைக்குச் சாயங்காலம் புதுக்கோட்டையிலேருந்து மெக்கானிக் வாரான். எஞ்சினைப் பிரிக்கச் சொல்லியிருக்கேன். தண்ணியில்லாம ஓட்டி அதுல கீறல் விழுந்திருந்துச்சுன்னா, நீ வேற எடம் பாத்துக்க” என்று சொல்லிவிட்டு முதலாளி போய்விட்டார்.

மறுநாள் முழுக்க என் கணவர் தண்ணீர் போன வழியைத் தேடினார். ரப்பர் குழாய்களைக் கழற்றி வளைத்துப் பார்த்தார். தண்ணீர் பம்ப்பைத் தடவிப் பார்த்தார். ஆயில் அளவு பார்க்கிற கம்பியை உருவிப் பார்த்தார். தண்ணீர் கலந்தால் ஆயில் மோர் மாதிரி வெளுத்துவிடுமாம். வெளுக்கவில்லை. ரேடியேட்டர் என்கிற அந்தத் தேன்கூட்டையும் குனிந்து பார்த்தார். ஆனால் காய்ந்த சந்தனம் அந்த இடத்தை மூடிக்கொண்டிருந்தது. சாமிக்கு வைத்த சந்தனத்தைச் சுரண்ட அவருக்கு மனம் வரவில்லை. கார் சும்மா நிற்கும்போது சொட்டுவதும் இல்லை. சூடு ஏறினால்தான் கசியும், கசிந்தது அங்கேயே ஆவியாகிவிடும். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. அன்றைக்குத் தெரிந்ததெல்லாம், அந்த வீட்டுக்கு வந்த ஆறு மாதத்தில் சோற்றுப் பானையில் ஓட்டை போட்டவள் நான் என்பதுதான். வண்டிக்குப் பூஜை போட்ட கையே வண்டியைக் கெடுத்தது என்று தெரிந்தால், இவள் காலடி ஆகாது என்று என்னை அப்பா வீட்டுக்கு, ஆவூருக்கே அனுப்பிவிடுவார்கள். அப்படி ஒருத்தி வந்து பிறந்த வீட்டு அடுப்படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அவர் இருமினாலும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மடியில் கனம் இருக்கிறவளுக்கு வேறென்ன செய்யும்?

சாப்பிட உட்கார்ந்தவர் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார். “ஏ புள்ள, நான் போன வாரம் ஒன்னைய வெத்திலை வாங்கியாரச் சொன்னேனா, நீயா வாங்குனியா?”

“நீங்கதான் சொன்னீங்க.”

“சொன்னேனா” என்றவர் அப்புறம் சாப்பிடவில்லை.

மூன்றாம் நாள் மத்தியானம் ரேடியேட்டரைக் கழற்றி எடுத்துவந்தார். மேல் வாயையும் கீழ் வாயையும் துணி சுற்றிய மரக்கட்டையால் அடைத்து, ஒரு கட்டையில் துளையிட்டு சைக்கிள் பம்ப்பின் குழாயைச் செருகினார். மாடு தண்ணீர் குடிக்கிற தொட்டியில் அதை முக்கிப் பிடித்துக்கொள்ளச் சொன்னார்.

“நான் காத்தடிக்கிறேன். எங்கிட்டாவது கொப்புளம் வருதான்னு பாத்துச் சொல்லு.”

இந்த உலகத்தில் அந்த வேலைக்கு அவருக்குக் கிடைத்த ஆள் நான். தொட்டித் தண்ணீரில் சந்தனம் கரைந்து கலங்கியது. அவர் பம்ப்பை அழுத்தினார். இரண்டாவது அழுத்தலிலேயே, எனக்குத் தெரிந்த அதே இடத்திலிருந்து, கடுகு கடுகாகக் குமிழி கிளம்பியது. நான் யோசிக்கவே இல்லை. என் கட்டைவிரல் தானாகப் போய் அந்த இடத்தை அழுத்திக்கொண்டது.

“வருதா?”

“இல்லையே.”

“நல்லாப் பாரு.”

“பாத்துட்டேன். ஒண்ணும் வரலை.”

அவர் பம்ப்பைக் கீழே வைத்துவிட்டுத் தொட்டி விளிம்பில் உட்கார்ந்தார். வேட்டி நனைவதுகூடத் தெரியவில்லை அவருக்கு.

“அப்ப நான்தான் ஊத்தலை” என்றார். “ஊத்துன மாதிரியே இருக்கு. கொடத்தைத் தூக்குனது, வழிஞ்சது, எல்லாம் கண்ணுக்குள்ள நிக்கிது. ஆனா ஊத்தலை. எங்க அப்பாருக்கும் இப்படித்தான் ஆரம்பிச்சுது. நீ சின்னப்புள்ள. ஒங்க அப்பாகிட்ட நானே வந்து பேசுறேன். என்னோட கெடந்து சீரழிய வேணாம்.”

நான் ஆவூருக்குத் துரத்தப்படுவேன் என்று நடுங்கிக்கொண்டிருக்க, இந்த மனிதர் என்னைக் காப்பாற்றுவதாக நினைத்து அனுப்பப் பார்க்கிறார்.

“இன்னொருக்கா அடிங்க” என்றேன்.

“எதுக்கு?”

“அடிங்களேன்.”

அடித்தார். விரலை எடுத்தேன். குமிழிகள் வரிசையாக மேலே வந்து உடைந்தன. அவர் குனிந்து பார்த்தார். பிறகு என் விரலைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். குடைக்கம்பி, ஈரம், இப்போது விரலால் மூடியது, எதையும் விடவில்லை. சொல்லி முடித்துக் கண்ணை இறுக மூடிக்கொண்டேன். கன்னத்தில் ஒன்று விழும் என்று காத்திருந்தேன்.

விழவில்லை. கண்ணைத் திறந்தபோது அவர் அடுப்புக்கரியை மூட்டிக்கொண்டிருந்தார். செம்பு முனை வைத்த சூட்டுக்கோலைக் கரியில் செருகினார். ஓட்டை இருந்த இடத்தை அரத்தால் சுரண்டி, ஈயம் பிடிப்பதற்காக நவச்சாரத்தைத் தடவினார். ஈயக்கட்டியை ஒரு கையிலும் சூட்டுக்கோலை மறு கையிலும் எடுத்துக்கொண்டு கிட்டே போனார். கை நடுங்கியது. ஈயம் வைக்கக் கை நடுங்கக் கூடாது. பக்கத்துக் கண்ணறையும் உருகிவிடும். கோலைத் திரும்பக் கரியில் வைத்தார். மறுபடி எடுத்தார், மறுபடி நடுங்கியது. கோபத்தில்தான் நடுங்குகிறது என்று நான் சுவரோடு ஒட்டிக்கொண்டேன்.

“அப்ப அன்னைக்கு நான் தண்ணி ஊத்துனேன்ல?” என்றார், என்னைப் பார்க்காமலே.

“ஊத்துனீங்க.”

“நீ பாத்தியா?”

“பாத்தேன். வழிஞ்சு வாசலெல்லாம் சேறாச்சு.”

“இன்னொருக்கா சொல்லு.”

சொன்னேன். அந்த நடுக்கம் நின்று, ஈயம் உருகி ஓட்டையில் படிகிறவரைக்கும், ஊத்துனீங்க, நான் பாத்தேன், ஊத்துனீங்க, நான் பாத்தேன் என்று சொல்லிக்கொண்டே இருந்தேன்.