சித்தியின் பரஸ்தானப் பை

எங்கள் மாமா விமானக் கம்பெனியில் டிக்கெட் எழுதும் குமாஸ்தா. மாதுங்காவிலிருந்து டிராமில் போய் டிராமில் வருவார். விமானத்தின் படிக்கட்டில்கூடக் கால் வைத்ததில்லை. ஆனாலும் ஆகாயத்தில் நடப்பதெல்லாம் அவருக்கு அத்துபடி.

சுதந்திரம் வந்து ஒன்றிரண்டு வருஷம் இருக்கும். எனக்கு எட்டு வயது. எங்களோடு இருந்த சித்தி, அதாவது அம்மாவின் தங்கை, லண்டனுக்குக் கிளம்ப வேண்டியிருந்தது. கல்யாணமான நாலாம் நாளே சித்தப்பா உத்தியோகத்துக்காகக் கப்பலேறிவிட்டார். இப்போது பெண்டாட்டியை அனுப்பச் சொல்லிக் கடிதம் வந்திருந்தது. தங்கைக்கு மாமாவே தன் கையால் டிக்கெட் எழுதினார்.

அந்த வாரம் முழுக்க, சாயங்காலமானால் பால்கனியில் மாமா ஒரு கதை சொன்னார். லண்டன் விமானம் கடல்மேல் பறக்கிறது. மூன்றாவது வரிசையில் இருந்த கோட்டுக்காரன் எழுந்து போய் விமானியின் பிடரியில் துப்பாக்கியை வைக்கிறான். "திருப்புடா வண்டியை!" அந்தக் காரியத்துக்கு அப்போது தமிழில் ஒரு பெயர்கூடக் கிடையாது. நான் சித்தியின் புடவைத் தலைப்பைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வேன். பெட்ரோல் தீரப்போகிற இடத்தில் மாமா கதையை நிறுத்திவிட்டுச் சாப்பிட எழுந்துவிடுவார். மறுநாள் பார்த்தால் பெட்ரோல் இன்னும் தீர்ந்துகொண்டே இருக்கும்.

துணி மடித்துக்கொண்டிருந்த சித்தி ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "திருப்பினா எங்கேண்ணா எறங்கும்? ஏறின எடத்துலேயேவா?"

"பின்னே? ஆனா திருப்பறதுக்கு ஒரு தைரியசாலி வேணுமே!" என்றார் மாமா.

விமானம் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறு மேற்கே சூலம், அந்தத் திசையில் கிளம்பக் கூடாது; லண்டனோ மேற்கே. கம்பெனிக்காரர்கள் பஞ்சாங்கம் பார்ப்பதில்லை என்பதால் அப்பா பரஸ்தானம் வைத்தார். வியாழக்கிழமை நல்ல வேளையில் சித்தியின் துணிப்பை ஒன்றைக் கீழ்வீட்டு மராட்டிக்கார மௌசியிடம் கொண்டுபோய் வைத்தாயிற்று. அப்போதே பயணம் கிளம்பிவிட்டதாக அர்த்தம். லண்டன் போகிற பை தன் வீட்டில் எதற்கு என்று மௌசிக்குக் கடைசிவரை புரியவில்லை. ஒரே நிபந்தனைதான்: அந்தப் பை திரும்ப நம் வீட்டு வாசற்படி ஏறக் கூடாது. ஏறினால் பயணம் முறிந்தது. மறுபடி நாள் பார்க்க வேண்டும்.

அப்பா இதை இரண்டு தரம் சொன்னார். ஒரு தரத்தோடு நிறுத்தியிருந்தால் நான் மறந்திருப்பேன்.

சனிக்கிழமை மத்தியானம் பெரியவர்கள் கண்ணயர்ந்ததும் கீழே போய்ப் பையைக் கேட்டேன். "லே ஜா, பேட்டீ" என்று மௌசி தாராளமாகக் கொடுத்துவிட்டாள். என் சித்தியைத் துப்பாக்கிக்காரனிடம் விட்டுவிடுவேனா? மாடியேறி வந்தேன். கதவைத் திறந்தது சித்தி.

தொலைந்தேன் என்று நினைத்தேன். சித்தி பையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். விலகி வழிவிட்டாள். நான் உள்ளே வந்ததும் கதவைச் சாத்தித் தாழ்ப்பாளும் போட்டாள்.

அப்புறம் வீடு இரண்டுபட்டது. அப்பா அடித்தார், சித்தி குறுக்கே விழுந்து பாதி அடியைத் தான் வாங்கிக்கொண்டாள். மாமா தான் எழுதிய டிக்கெட்டைத் தானே ரத்து செய்தார். லண்டனுக்குத் தந்தி போயிற்று. அந்த ஞாயிற்றுக்கிழமை விமானம் ஒரு விக்கினமும் இல்லாமல் போய்ச் சேர்ந்ததாக மாமா சொன்னபோது எனக்குப் பெரிய ஏமாற்றம்.

அடுத்த நல்ல நாள் இரண்டு மாதம் கழித்துத்தான் அமைந்தது. அந்த இரண்டு மாதம்போல் எனக்கு இன்னொன்று வாய்க்கவில்லை. தினமும் சித்தியும் நானும் கிங்ஸ் சர்க்கிள் வரை கைகோத்து நடப்போம். வேர்க்கடலை வாங்கிக் கொறித்துக்கொண்டே திரும்புவோம். வீடு நெருங்கினால் சித்தி "இன்னொரு சுத்து போலாமாடி?" என்பாள்.

சாந்தாக்ரூஸ் விமான நிலையத்தில் அந்தப் பையைச் சுமக்கும் பொறுப்பை அப்பா என்னிடமே கொடுத்தார். எல்லோரிடமும் சொல்லிக்கொண்ட பின் சித்தி என் முன்னால் குனிந்தாள்.

"இன்னொரு தரம் தூக்கிண்டு ஓடிடேன்டி" என்றாள் காதோடு.

விளையாடுகிறாள் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தேன். இனிமேல் அப்படிச் செய்யவே மாட்டேன் என்று அவள் தலையிலடித்துச் சத்தியம் செய்து, சமர்த்தாகப் பையை அவள் கையில் கொடுத்தேன்.