இடப்பக்கம் சாய்ந்த கார்

நம்பாதவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம், எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் இது நடந்தது. 1979 ஐப்பசியில், ஜவ்வாது மலை ரோட்டில், கோபால்சாமிக்கு நடந்தது. அதுவும் பட்டப்பகலில். பேய்க்கு ராத்திரி ஷிப்ட் மட்டும்தான் என்று யார் சொன்னது?

கோபால்சாமி இருபது வருஷம் லாரி ஓட்டியவர். பிறகு ராணிப்பேட்டைப் பக்கம் ஒரு பட்டறையில் சேர்ந்தார். அந்தப் பட்டறை ஒரு ஸ்போர்ட்ஸ் காரைச் செய்து வைத்திருந்தது. இரண்டே சீட், ஃபைபர் பாடி. செய்தது அந்த ஒன்றுதான். மறுநாள் மெட்ராஸிலிருந்து பணம் போடும் முதலாளி வருகிறார். வண்டி மலையேறி இறங்கிவிட்டால் நூறு வண்டி செய்யலாம். இல்லையென்றால் பட்டறைக்குப் பூட்டு, நாற்பது பேர் தெருவில்.

சோதனை ஓட்டத்துக்குக் கூட வந்த மெக்கானிக் அருணகிரி மலையடிவாரத்தில், ஆலங்காயத்தில் இறங்கிக்கொண்டான்.

"பாத்துண்ணா. ஹேண்ட் பிரேக் இன்னும் மாட்டல."

"மலை ரோடு நமக்கு வூடு மாதிரிடா. போய்ட்டு வர்றேன்."

பாதி மலை வரை வண்டி சிட்டாகப் பறந்தது. பிறகு மழைமூட்டம் இறங்கியது. ஒரு வளைவில் பானெட்டிலிருந்து ஆவி கிளம்ப, ஏற்றத்திலேயே நிறுத்தினார். இன்ஜினை அணைத்து, கியரில் போட்டுவிட்டு, பிரேக்கிலிருந்து மெல்லக் காலை எடுத்தார்.

வண்டி பின்னால் நழுவியது. பின்னால் பள்ளம்...

'டக்.'

நின்றுவிட்டது.

இறங்கிப் பார்த்தார். பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல். லாரி ஏற்றத்தில் நின்றால் கிளீனர் குதித்து ஓடிப்போய் வைப்பானே, அதே மாதிரி, அதே வாட்டத்தில்.

"யாருப்பா அது?"

ரோட்டில் ஒரு ஈ, காக்கைகூட இல்லை.

யாரோ விறகு வெட்டுகிறவனாக இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டார். இன்ஜின் ஆறியது. ஏறி உட்கார்ந்து ஸ்டார்ட் செய்தார். அப்போதுதான் அந்தத் தப்பு நடந்தது. இருபது வருஷப் பழக்கம், வாய் தானாகக் கத்திவிட்டது.

"கல்ல எடுத்துட்டு ஏறிக்கோடா, போலாம்!"

நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பின்னால் கல் உருண்டது...

'கிறீச்.'

வண்டி இடப்பக்கம் அமுங்கியது.

பக்கத்து சீட் காலி. ஆனால் ரெக்ஸின் மெத்தை மெல்லக் குழிந்தது.

பெட்ரோல் வண்டிக்குள் டீசல் நாற்றம்...

அவர் திரும்பவே இல்லை. மேலே போனதும் வண்டியைத் திருப்பியதும் அவருக்கு நினைவில்லை. ஆலங்காயம் வந்தபோது சட்டை தொப்பலாக நனைந்திருந்தது.

"இன்னாண்ணா, வண்டி ஒரு பக்கமா சாயுது?" என்றான் அருணகிரி.

அன்று ராத்திரி முழுக்க ஸ்பிரிங்கை மாற்றினார்கள், டயரை மாற்றினார்கள். சாய்வு போகவில்லை. காலையில் முதலாளி வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"நொண்டி வண்டிய எவன்யா வாங்குவான்?"

அவ்வளவுதான். அவருடைய கார் கேட்டைத் தாண்டியது.

எல்லாரும் வெளியே போன பிறகு கோபால்சாமி அந்த வண்டி முன்னால் நின்றார். பயம் போய் அழுகைதான் வந்தது.

"நாப்பது வூட்டு அடுப்ப அணைச்சிட்டியே, பாவி. எறங்குடா!"

'கிறீச்.'

வண்டி நேராக நிமிர்ந்தது.

வாசலில் நின்ற அருணகிரி இதைக் கண்ணால் பார்த்தான். முதலாளியின் கார் பின்னால் தலைதெறிக்க ஓடினான். கார் போய்விட்டது. அடுத்த மாதம் பட்டறையை மூடினார்கள். அப்படி ஒரு வண்டியை அப்புறம் யாரும் செய்யவில்லை.

இதை எனக்குச் சொன்னது அருணகிரிதான். கோபால்சாமி மறுபடி லாரிக்கே போய்விட்டாராம். சாகும்வரை அதே மலை ரோடுதான். மலைக்குத் தனியாகப் போகக் கூடாது, ஒரு கிளீனரைப் போட்டுத் தருகிறேன் என்று லாரி ஓனர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தாராம்.

"வேணாங்க," என்பாராம் கோபால்சாமி. "கூட ஒருத்தன் வர்றான்."